வேலையோடு கட்டிய கூரை

வீடற்றவர் என்று சொன்னவுடன் நம் கண்முன் தோன்றுவது, தெருவோரத்தில் கந்தலைப் போர்த்துக் கிடக்கும் ஓர் உருவந்தான். அவ்வுருவத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு, மலையகத்தில் எத்தனை இளைஞர் வீடின்றி வாழ்கின்றனர் என்று எண்ணப் புகுந்தால் கணக்கு விரைவிலேயே முடிந்துவிடும். அட்டன் புகையிரத நிலையத்திலும் நுவரெலியா பஸ் தரிப்பிடத்திலும் இரவு பத்து மணிக்குமேல் நாம் கண்டவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். மலைக்குளிர் எவரையும் திறந்தவெளியில் நெடுநேரம் படுக்க விடுவதில்லை. ஆதலால், "இங்கே அந்தப் பிரச்சினை இல்லை" என்று பொறுப்புள்ளவர்கள் சொல்வதும், அதைக் கேட்டு நாம் தலையசைப்பதும் எளிதாகி விடுகின்றன.

கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "இன்றிரவு நீ படுக்கும் இடத்திலிருந்து உன்னை எழுப்பி வெளியே அனுப்பும் அதிகாரம் வேறு எவருக்கேனும் உண்டா?" என்று தோட்டத்து இளைஞன் ஒருவனைக் கேளுங்கள். 'இல்லை' என்று துணிந்து விடை சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? தோட்டப் பாடசாலைகளில் நாம் கற்பித்த ஆண்டுகளில், பத்தாம் பதினோராம் வகுப்புகளோடு விலகிச் சென்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறோம். கடையின் மேல்மாடியில் அரிசி மூட்டைகளுக்கிடையே படுப்பவன் ஒருவன். கட்டட வேலைத்தலத்தின் தகரக் கொட்டிலில் படுப்பவன் ஒருவன். எவர் வீட்டுக் குசினி மூலையிலோ பாய் விரித்துக்கொள்ளும் பெண்ணொருத்தி. இவர்கள் அனைவருக்கும் தலைக்குமேல் கூரை இருக்கிறது. ஆனால் அந்தக் கூரை, வேலை என்ற ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறது. கயிறு அறுந்த அன்றே கூரையும் விழுகிறது. மலையக இளைஞரின் வீடின்மை இந்த உருவத்தில்தான் மறைந்து கிடக்கிறது.

இக்கயிறு இன்று நேற்றுத் திரிக்கப்பட்டதன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தொடக்கிய தேயிலைப் பயிர், நோயால் அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்து மலைகளை மூடியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்து ஆட்கள் போதுமாயிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கைகள் வேண்டும். அந்தக் கைகளை மலையிலேயே நிறுத்தி வைப்பதற்கு எழுந்தவையே லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் ஒரு காம்பரா, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். கருவிக்குக் கொட்டில் எப்படியோ, அப்படியே தொழிலாளிக்கு லயம். செக்ரோலில் பேர் உள்ளவரைக்குமே காம்பரா. பேர் வெட்டப்பட்டால் காம்பராவும் போயிற்று. கடன் தீர்ந்தது என்று காட்டும் துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்காத ஒரு காலம் இருந்தது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் 'பத்துச்சீட்டு' என்ற சொல் லயங்களை நடுங்க வைத்தது. வேலையிலிருந்து நீக்கும் அந்தத் தாள் கைக்கு வந்தால், குடும்பம் சட்டி பானைகளோடு வெளியேற வேண்டியதுதான். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும் தொழிற்சங்கவாதியுமான ஸி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார் என்றால், அது கற்பனையிற் பிறந்த பெயரன்று. தோட்டத்தில் நாள்தோறும் காணக் கிடைத்த மனிதனின் பெயர்.

வீடற்றவனாக இருந்தவனை நாடற்றவனாகவும் ஆக்கியது 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்ணிக்கையாகப் பகுத்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்து, 1974இல் அவர்களையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். எழுபதுகளின் பஞ்சத்தில் தோட்டங்களை விட்டுத் தெருவுக்கு வந்தவர்கள், 1977இலும் 1983இலும் வன்செயல்களால் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காட்டோரங்களில் குடிசை கட்டியவர்கள் என்று அந்த ஓட்டம் நீண்டது. இறுதியில் 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கிற்று. பாட்டனுக்கு இல்லாத நாடு பேரனுக்குக் கிடைத்துவிட்டது. வாக்குரிமையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பேரன் தன் வாக்குச்சீட்டு வந்து சேர வேண்டிய விலாசம் யாது என்று கேட்டால், இன்றும் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சொல்லிவிட்டு நிற்கிறான். கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து அவன் கைக்கு எப்பொழுது வரும் என்பது அவரவர் தலைவிதி.

முன்னேற்றம் எதுவுமே இல்லை என்று சொல்வோமாயின் அது உண்மைக்கு மாறு. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகள் கட்டத் தொடங்கின. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கோரிக்கை கனவாயிருந்த நிலை மாறியது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்ய இருந்த தடையும் 2018இல் நீக்கப்பட்டது. இவையெல்லாம் மக்கள் நெடுங்காலம் கேட்டுப் பெற்றவை. ஆயினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே இருக்கின்றன என்பது ஒரு புறம். வீட்டுத் திட்டங்கள் எவையும் குடும்பத்தையே அலகாகக் கொண்டு எண்ணுகின்றன என்பது மற்றொரு புறம். குடும்பம் உடைந்த பிள்ளை, குடும்பத்துக்குள் இடம் போதாமல் வெளியேறிய பிள்ளை, குடும்பமே இல்லாத பிள்ளை—இவர்கள் அந்தக் கணக்கில் எந்த வரியில் வருவார்கள்?

எம்மிடம் பயின்ற ஒருவனைப் பற்றிச் சொல்வது இவ்விடத்தில் பொருந்தும். பெயர் வேண்டாம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே காம்பராவில் அவனுடன் சேர்ந்து ஏழு பேர். தகப்பன் இறந்துவிட்டார். தமையனுக்குக் கலியாணமானதும் காம்பராவின் குறுக்கே சேலையொன்று திரையாகக் கட்டப்பட்டது. தங்கைகள் வளர்ந்தனர். "நீ போ" என்று அவனை எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவன் புரிந்துகொண்டான். சில மாதம் கோயில் மண்டபத்தில் படுத்தான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு கொழும்புக்குச் சென்று சாப்பாட்டுக்கடை ஒன்றில் சேர்ந்தான். இரவு பதினொரு மணிக்குக் கதவு அடைத்தபின் மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுக்கை. காலை நான்கரைக்கு எழுந்து அடுப்பு மூட்டல். அடையாள அட்டை முதலாளியின் பெட்டியில்.

பத்து மாதம் கழித்து அவனுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்குவாயிருக்கும் என்று அஞ்சிய முதலாளி, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, "ஊருக்குப் போய்ச் சுகமாகி வா" என்று அனுப்பிவிட்டார். அட்டை பெட்டியிலேயே கிடந்தது. எந்த ஊருக்கு, எந்தக் காம்பராவுக்குப் போவது? இரண்டு இரவுகளைப் புகையிரத நிலையத்து வாங்கில் கழித்தான். மூன்றாம் இரவு, அட்டையில்லாத ஓர் இளைஞனைக் கண்ட பொலிஸார் அழைத்துச் சென்று விசாரித்தனர். அவர்கள் கேட்ட மொழி அவனுக்குப் பாதி புரிந்தது. அவன் சொன்ன விடை அவர்களுக்குப் பாதியும் புரியவில்லை. கடைசியில் அவன் கொடுத்த தொலைபேசி இலக்கம் எம்முடையது. அவனை அழைத்து வந்தபோது அவன் சொன்ன ஒரே வேண்டுகோள் இதுதான்: "சேர், படுக்க ஓர் எடம் இருந்தாப் போதும். வேலய நானே தேடிக்கிருவேன்."

அந்த ஓர் இடத்தைத் தேடி நாமும் அவனும் அலைந்த கதையில் வில்லன் எவருமில்லை. கிராம உத்தியோகத்தர் அன்பாகவே பேசினார். ஆனால் அவன் பெயர் அவருடைய இடாப்பில் இல்லை. தோட்டத்துக் காரியாலயத்தில், அவன் தோட்டத்தில் வேலை செய்பவனல்லன் என்றனர். சிறுவர் பராமரிப்போடு தொடர்புடைய அலுவலர், அவனுக்குப் பதினெட்டு கடந்துவிட்டதே என்று வருந்தினார். தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் இருந்தது, தங்குமிடம் இல்லை. நால்வரும் தத்தம் விதிப்படி சரியானதையே சொன்னார்கள். நால்வர் சொன்னதையும் கூட்டிப் பார்த்தால், உயிரோடு எம் பக்கத்தில் நின்ற ஒரு மனிதன் அரசாங்கத்தின் கண்ணில் இல்லாமற் போகிறான்.

சட்டத்தின் பார்வையும் சிந்திக்கத்தக்கது. நிலையான இருப்பிடமின்றித் திரிபவனைப் பற்றி இந்நாட்டில் முதலிற் பேசிய சட்டங்களுள் ஒன்று, 1841இல் ஆங்கில ஆட்சி இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். இருக்க இடமில்லாதவனுக்கு இடம் கொடுப்பது அதன் நோக்கமன்று. தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாதவனைப் பிடிப்பதற்கு அது வழி செய்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்த நூற்றாண்டில், வேலையின்றி நிற்பதே ஒரு குற்றத்தின் சாயலைப் பெற்றதில் வியப்பில்லை. பிற்காலத்தில் சிறுவர்களுக்காக நல்ல சட்டங்கள் வந்தன. 1939இல் சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1991இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தை ஏற்றுறுதி செய்தது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் ஆபத்திலுள்ள சிறுவனுக்காக ஒரு குரல் பதிலளிக்கும். ஆனால் பதினெட்டாவது பிறந்தநாளின் நள்ளிரவில் அந்தக் கதவு சாத்தப்படுகிறது. சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அன்று கிடைப்பது சுதந்திரமா, தெருவா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இருபத்தைந்து வயதிலும் தாய் சமைத்த சோற்றை உண்கிறான். அவனைச் சமுதாயம் மாணவன் என்கிறது. எவருமற்ற பிள்ளையைப் பதினெட்டிலேயே தன்னைத் தான் காத்துக்கொள் என்கிறது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கொடிது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் பணிப்பெண். தகப்பன் மறுமணம் செய்தவர் அல்லது குடிக்கு அடிமையானவர். தரகர் ஒருவர் வந்து, "நல்ல இடம், வயிறாரச் சாப்பாடு" என்கிறார். அவள் கொழும்புக்குப் போகிறாள். டயகமப் பகுதியைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்ட இடத்திலிருந்து தீக்காயங்களுடன் கொழும்பு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு 2021 ஜூலையில் இறந்தபோது, மலையகம் முழுவதும் கொதித்தெழுந்தது. ஊர்வலங்கள் நடந்தன. நியாயந்தான். ஆனால் அந்த ஊர்வலங்களில் ஒரு கேள்வி போதிய அளவு எழவில்லை: துன்பம் தாங்காத பிள்ளையொருத்தி அத்தகைய ஒரு வீட்டின் கதவைத் திறந்து இரவில் வெளியே வந்திருந்தால், அவள் தன் மொழியில் பேசி உள்ளே நுழையக்கூடிய மறுகதவு அந்தப் பெருநகரத்தில் எங்கே இருந்தது?

இயற்கையும் வறியவனையே தேடி வருகிறது. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழை நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் சரிவுகள் பெயர்ந்து விழுந்தன, பாடசாலைகள் முகாம்களாயின. வீடிழந்தோர் பட்டியல் எழுத வருபவர் முதலிற் கேட்பது காணி உறுதி. காணியே தோட்டத்தினுடையது என்ற நிலையில் எந்த உறுதியைக் காட்டுவது? அவ்வேளையில் கொழும்பில் மேசைமேல் படுத்திருந்த பிள்ளைக்கோ, இடிந்துபோன அந்தக் காம்பராவில் என் பங்கும் இருந்தது என்று சொல்ல நாவுமில்லை, தாளுமில்லை.

இக்கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்து பார்த்தால், திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 1929 முதல் குத்தகையில் நடந்த தேயிலைத் தோட்டத்தின் நிறுவனம், 2024இல் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவித்து, தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிறந்து வளர்ந்த குடியிருப்புகளை விட்டு இறங்கச் சொல்லிற்று. அங்கேயும் வேலை போனால் கூரை போகும் என்ற அதே விதி. ஆனால் விதியை மாற்றியவர்களும் உலகில் உண்டு. பின்லாந்து நாடு 2008இல் தொடங்கிய திட்டத்தில், 'முதலில் திருந்து, வேலை தேடு, பிறகு வீடு தருகிறோம்' என்ற பழைய முறையைத் தலைகீழாக்கியது. முதலில் வீடு, மற்ற உதவிகள் அதன்பின் என்றது. இரவுத் தங்குமடங்கள் பல நிலையான குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. வீடற்றோர் தொகையும் இறங்கியது. பிரான்சில் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வரும் இளந்தொழிலாளர்களுக்கென்றே விடுதிகள் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. அவ்வளவு தொலைவு போவானேன்? கேரள அரசு, பிற மாநிலத் தொழிலாளருக்காகப் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் 2019இல் 'அப்னா கர்' என்ற விடுதியைத் திறந்தது. முதலாளியிடமிருந்து படுக்கையைப் பிரித்தெடுத்துப் பொதுவில் வைத்தமையே இவற்றின் சிறப்பு.

நாம் கேட்க வேண்டியவையும் இதிலிருந்தே பிறக்கின்றன. கொழும்பிலும் அட்டனிலும், வேலை போன இரவில் சென்று தட்டினால் திறக்கும் விடுதியொன்று வேண்டும். அங்கே தமிழ் பேசும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டினால்தான் பாய் என்ற நிபந்தனை கூடாது. அட்டை எடுத்துக் கொடுப்பதே அந்த விடுதியின் முதற் பணியாயிருத்தல் வேண்டும். தோட்டத்தை விட்டுப் பிரிந்த இளைஞனின் விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்தத் தோட்டத்து அத்தியட்சகரையே தேடி ஓட வேண்டிய நிலை மாறிக் கிராம உத்தியோகத்தரே அதனைச் செய்தல் வேண்டும். சிறுவர் இல்லங்களின் பராமரிப்பு பதினெட்டோடு அறுபடாமல், கல்வியோ தொழிற்பயிற்சியோ முடியும் வரை தொடர வேண்டும். தொழிற்பயிற்சி நிலையம் ஒவ்வொன்றோடும் தங்குமிடம் இணைய வேண்டும். படுக்க இடமில்லாதவனுக்குப் பயிற்சியில் இடம் கொடுப்பது, கையில்லாதவனுக்குக் காப்பு அணிவிப்பதைப் போன்றது. புதிய வீட்டுத் திட்டங்களில், தனித்து நிற்கும் இளைஞனும் யுவதியும் விண்ணப்பிக்கும் உரிமை எழுத்தில் இடம்பெற வேண்டும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று இருந்துவிடவும் முடியாது. தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதே குற்றமாயிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் துணி வியாபாரியின் கோலத்தில் உள்ளே சென்று தொழிலாளர் நிலையை அறிந்தார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அந்த அட்டனில் இன்று தொழிற்சங்கக் காரியாலயங்களுக்குக் குறைவில்லை. சந்தாப் பணத்தால் எழுந்த கட்டடங்கள் அவை. மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டால் மறுநாள் காலைவரை அவற்றின் கூடங்களில் இருளைத் தவிர எவரும் தங்குவதில்லை. செக்ரோலில் பேரில்லாத பிள்ளையிடம் சந்தா வெட்ட முடியாது என்பது உண்மையே. ஆனால் அவன் சந்தா கட்டியவர்களின் பிள்ளை. ஒரு கூடத்தை, பத்துப் பாய்களோடு, இரவில் திறந்து வைக்குமாறு தொழிலாளரே தம் சங்கங்களைக் கேட்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரிய பணி ஒன்றுண்டு. பாடசாலை இடாப்பில் பிள்ளையின் பெயரை வெட்டும்போது, 'கொழும்பு சென்றான்' என்று ஒரு வரி எழுதிக் கோட்டைக் கிழித்து விடுகிறோம். அதன் பக்கத்தில், எங்கே படுக்கிறான், யாரிடம் வேலை, அட்டை யார் கையில் என்ற மூன்று விடைகளையும் கேட்டெழுதி வைப்போம். ஆண்டுக்கு இருமுறை அவனோடு பேசுவோம். கடிதம் வந்து சேர நிலையான விலாசம் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையின் விலாசத்தை வழங்குவோம். பல்கலைக்கழகங்களில் பயிலும் மலையக மாணவர்கள் விடுமுறையில் வரும்போது தத்தம் தோட்டத்தில் இந்தப் பட்டியலைத் தயாரித்தால், "இங்கே அந்தப் பிரச்சினை இல்லை" என்பவர்களின் மேசைமேல் வைப்பதற்கு நம்மிடம் பெயர்கள் இருக்கும்.

நாம் சொன்ன அந்த இளைஞன் தற்போது டிக்கோயாவில் நண்பன் வீட்டு இஸ்தோப்பில் படுக்கிறான். பகலில் வெல்டிங் வேலை பழகுகிறான். கை நன்றாகத் திருந்தி வருகிறது என்று பட்டறைக்காரர் சொல்கிறார். ஆனால் நண்பனின் அண்ணனுக்கு வருகிற தை மாதத்தில் கலியாணம். அந்த வீட்டிலும் ஒரு சேலை குறுக்கே கட்டப்படும். வேலை பழகி முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. தைக்கும் அதற்கும் இடைப்பட்ட அந்த மாதங்களை அவன் எங்கே படுத்துக் கழிப்பான் என்பதற்கு, இந்த மாவட்டத்தின் எந்தக் காரியாலயத்திலும் இன்றுவரை விடையில்லை. அந்த விடையைத் தைக்கு முன்னரே தேடியாக வேண்டும்.